சிறிய நாட்டுக்குப் போட்டித்திறன் எங்கிருந்து வருகிறது?

ஆத்தங்குடி டைல்ஸ் செய்து விற்கும் அன்பர் ஒருவர் கேட்டிருப்பது இது. அவருடைய பாட்டையா கொழும்புச் செட்டியார் தெருவில் லேவாதேவி நடத்திய காலத்தில் இலங்கை சிங்கப்பூரைவிடச் செழிப்பாக இருந்ததாக வீட்டில் சொல்வார்கள். இரண்டும் சிறிய நாடுகள்தாம், ஒன்று உயர்ந்துவிட மற்றது 2022-ல் வெளிக்கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது ஏன்? நாணயத்தின் மதிப்பையும் வரியையும் குறைத்துவிட்டால் ஒரு சிறிய நாடு உலகச் சந்தையில் வென்றுவிடாதா? அப்படியானால் இனிக் கொழும்புக்குத் தம் டைல்ஸை அனுப்பலாமா? பல கேள்விகள் போலத் தோன்றினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: சிறிய நாட்டின் போட்டித்திறன் மலிவாக இருப்பதில் இருக்கிறதா, வேறெதிலாவதா? காரைக்குடியில் பல ஆண்டுகள் பன்னாட்டு வணிகமும் பணவியலும் கற்பித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அந்த நாடுகளில் பதவியில் அமர்ந்து முடிவெடுத்தவன் அல்லன் நான்; ஆகவே பொதுவெளியில் உள்ள கணக்குகள் எந்த அளவுக்குத் தாங்குமோ அந்த அளவுக்கே என் உறுதியும்.

முதலில் வீட்டுக் கதையைச் சற்றுத் திருத்த வேண்டும். விடுதலை பெற்றபோது இலங்கை, படிப்பறிவிலும் சராசரி ஆயுளிலும் ஆசிய நாடுகள் பலவற்றுக்கு முன்னால் நின்றது. சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூவே அதைக் காமன்வெல்த்தின் முன்மாதிரி நாடு என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஆனால் வருமானத்தில் அது சிங்கப்பூரை முந்தியிருக்கவில்லை. உலக வங்கியின் கணக்கின்படி 1960-ல் சிங்கப்பூரின் தலா வருமானம் 400 டாலருக்குச் சற்று மேல். இலங்கையினுடையது ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்கு. சிங்கப்பூர் அப்போதே பெரிய துறைமுக நகரம். அங்கே மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில், அதாவது செட்டியார்களின் லேவாதேவிக் கடைகளில், பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கெழுதிய நம் ஆட்களும் டேங்க் ரோட்டில் 1859-ல் கட்டப்பட்ட தண்டாயுதபாணி கோயிலும் அந்த வணிகத்தின் அடையாளங்கள். ஆகவே சமமாகப் புறப்பட்ட இருவரில் ஒருவர் தோற்றார் என்ற சித்திரம் பிழையானது. இருந்தும், மூன்று மடங்காக இருந்த இடைவெளி இருபது மடங்கையும் தாண்டியது எப்படி என்று கேட்டால் கேள்வி நியாயமானதே.

சிறிய நாடு என்று பொருளியலில் சொல்லும்போது பரப்பளவைவிட முக்கியமானது, உலக விலையை அதனால் அசைக்க முடியாது என்பதுதான். உள்நாட்டுச் சந்தை போதாது. ஒரு தொழிற்சாலை லாபகரமாக ஓட வேண்டிய அளவுக்கு உற்பத்தி செய்தால் பெரும்பகுதியை வெளியே விற்றாக வேண்டும். விற்கும் பொருளுக்கு வேண்டிய மூலப்பொருளும், தொழிலாளி உண்ணும் கோதுமையும், லாரி குடிக்கும் டீசலும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். நாணய மதிப்பைக் குறைக்கும் யோசனை தடுமாறுவது இந்த இடத்தில்தான். இலங்கையின் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்தில் தைக்கும் சட்டை ஒன்று 10 டாலருக்கு விலைபோகிறது என்று கொள்வோம். துணி, பொத்தான், நூல் ஆகியவற்றில் 6 டாலர் இறக்குமதி. கூலி, மின்சாரம், வாடகை, லாபம் என உள்நாட்டில் சேர்வது 4 டாலர். இவை கணக்கு விளங்குவதற்காக நான் வைத்த எண்கள். நாணயம் 20 விழுக்காடு இறங்கினால் அந்த 6 டாலரில் ஒரு சென்ட்டும் குறையாது. 4 டாலரில்தான் 80 சென்ட் குறையும். அதாவது சட்டைக்கு 8 விழுக்காடு மலிவு. அதற்குள் டீசலும் மாவும் மருந்தும் விலையேறி, பஸ் கட்டணம் கூடி, கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் நிற்பார்கள். அந்தக் கோரிக்கை நியாயமாகவும் இருக்கும். ஓரிரு ஆண்டுகளில் அந்த 80 சென்ட்டின் பெரும்பகுதி கரைந்துவிடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1977 இறுதியில் இலங்கை தாராளமயத்துக்குத் திரும்பியபோது ஒரு டாலருக்கு ஏறத்தாழ 16 ரூபாய். 2022 தொடக்கத்தில் 200. அதே ஆண்டு மே மாதத்தில் 360 வரை போயிற்று. சிங்கப்பூர் வெள்ளியோ (அந்நாட்டு நாணயம்) 1981-ல் டாலருக்கு 2-க்குச் சற்று மேலாக இருந்து, இன்று ஒன்றரைக்கும் கீழே வந்து வலுத்திருக்கிறது. நாணயம் இறங்குவதுதான் போட்டித்திறன் என்றால் இந்த இரண்டு நாடுகளின் கதையும் தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்? சிங்கப்பூரின் நாணய ஆணையம் 1981 முதல் வட்டி விகிதத்தை விட்டுவிட்டு, வணிகக் கூட்டாளி நாடுகளின் நாணயங்களோடு ஒப்பிட்டு வெள்ளியின் மதிப்பையே தன் கருவியாகக் கொண்டிருக்கிறது. பெரும்பாலான ஆண்டுகளில் அது செய்வது வெள்ளியை மெல்ல வலுக்க விடுவதுதான். இறக்குமதி விலை அடங்கியிருந்தால் கூலி அழுத்தமும் அடங்கியிருக்கும் என்பது அதன் கணக்கு.

ஆனாலும் மதிப்பிறக்கம் எப்போதும் வீண் என்று சொல்ல மாட்டேன். பல ஆண்டுகள் செயற்கையாகத் தூக்கிப் பிடிக்கப்பட்ட நாணயத்தை உண்மையான இடத்துக்குக் கொண்டுவருவது வேறு. பிழைப்புக்கு வழியாக அடிக்கடி இறக்குவது வேறு. மொரிஷியஸ் 1979-லும் 1981-லும் தன் ரூபாயை மதிப்பிறக்கியது. கூலி உயர்வுக்கும் அரசுச் செலவுக்கும் கடிவாளம் போட்டு, ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கு வழியும் திறந்திருந்ததால் அது பலித்தது. இலங்கையிலும் 1977-க்குப் பிறகு ஆயத்த ஆடைத் தொழில் எழுந்ததற்கு அந்த மதிப்பிறக்கம் ஒரு காரணமே. அதன் பின்னர் உள்நாட்டு விலைவாசி தொடர்ந்து ஏறியதால், டாலர் கணக்கில் நாணயம் இறங்கியும் உண்மை மதிப்பில் மலிவு நிற்கவில்லை.

வரி பற்றிய கேள்விக்கு இலங்கையே அண்மைக் காலத்தில் பதில் சொல்லிவிட்டது. 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரி 15 விழுக்காட்டிலிருந்து 8-க்கு இறக்கப்பட்டது, ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய் விற்றாலே பதிவு செய்ய வேண்டும் என்றிருந்த வரம்பு 30 கோடிக்கு உயர்த்தப்பட்டது. 2021-ல் அரசின் மொத்த வருவாய் நாட்டு உற்பத்தியில் 9 விழுக்காட்டுக்கும் கீழே விழுந்தது. உலகிலேயே மிகக் குறைந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. கொரோனா சுற்றுலாவை நிறுத்திய அதே காலத்தில் இது நடந்ததால், தர மதிப்பீட்டு நிறுவனங்கள் 2020-லேயே இலங்கைப் பத்திரங்களைக் கீழிறக்கின. வெளிச் சந்தையில் புதுக் கடன் எழுப்பிப் பழைய கடனைக் கட்டும் வழி அடைபட்டது. 2021-ல் ரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடுத்தது வேறு சேர்ந்துகொண்டது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிக்கடன் தவணைகளை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. வரிக் குறைப்பினால் புது முதலீடு வந்து குவியவில்லை. சிங்கப்பூரின் நிறுவன வரி இன்று 17 விழுக்காடு என்பதைப் பலரும் சுட்டுகிறார்கள். அது வேகமாக வளர்ந்த முதல் இருபது ஆண்டுகளில் அந்த வரி 40 விழுக்காடாக இருந்தது என்பதைச் சொல்வதில்லை. முன்னோடித் தொழில்களுக்கு வரிவிலக்கு இருந்தது உண்மை. ஆனால் அது கேட்டவருக்கெல்லாம் கிடைத்த சலுகை அன்று, நாட்டுக்கு வேண்டிய தொழிலைக் கொண்டுவந்தவருக்குக் கால வரையறையோடு தரப்பட்டது.

அப்படியானால் சிங்கப்பூரிடம் இருந்தது என்ன? ஊழலைக் கட்டுப்படுத்தியது, துறைமுகம், ஆங்கிலம், ஜூரோங் தொழிற்பேட்டை, டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸின் ஆலோசனை, நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் நிர்வாகம் என்று வழக்கமாக அடுக்குவார்கள். இவை எல்லாம் உண்மையே. என் பார்வையில் இவற்றைவிடப் பெரியது, தவறு தெரிந்த உடனே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு. அதற்கு 1985-ஐப் போல நல்ல சான்று வேறில்லை. 1979 முதல் மூன்றாண்டுகள் கூலியை வேண்டுமென்றே வேகமாக உயர்த்தினார்கள். மலிவுக் கூலியில் ஓடும் தொழில்கள் விலகி, திறன் மிக்க தொழில்கள் வரட்டும் என்பது நோக்கம். யோசனை தவறன்று, ஆனால் அளவு மிஞ்சிப் போயிற்று. மூன்றாண்டு முடிந்த பிறகும் கூலி ஏறிக்கொண்டே போனது. சேமநிதிக்குத் தொழிலாளி 25, முதலாளி 25 எனச் சம்பளத்தில் பாதிக்குச் சமமான தொகை போய்க்கொண்டிருந்தது. வெளிநாட்டுத் தேவை தளர்ந்து, கட்டுமானப் பெருக்கமும் வடிந்ததும், விடுதலைக்குப் பிறகு முதன்முறையாக 1985-ல் பொருளாதாரம் சுருங்கியது. உடனே ஆராயக் குழு அமைத்தார்கள். பழியை வெளிநாட்டின் மேல் மட்டும் போடாமல், நம் செலவு நம் உற்பத்தித்திறனைத் தாண்டிவிட்டது என்று அரசே ஒப்புக்கொண்டது. 1986-ல் முதலாளி கட்டும் சேமநிதிப் பங்கு 25-லிருந்து 10 விழுக்காட்டுக்கு வெட்டப்பட்டது, கூலி உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது, நிறுவன வரியும் 33-க்கு இறங்கியது. ஓரிரு ஆண்டுகளில் வளர்ச்சி திரும்பியது.

அந்த வெட்டை அருகில் சென்று பார்க்க வேண்டும். நாணயத்தை இறக்கியிருந்தால் ஓய்வூதியக்காரர் முதல் கூலிக்காரர் வரை எல்லோருடைய கையிலிருந்த காசும் மதிப்பிழந்திருக்கும். சேமநிதிப் பங்கை வெட்டியதால் மாதச் சம்பளமாகக் கைக்கு வருவது குறையவில்லை. முதலாளியின் ஆள்செலவு மட்டும் ஒரே நாளில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாக இறங்கியது. ஆனால் யாரும் இழக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. தொழிலாளியின் முதுமைச் சேமிப்பிலும் வீட்டுக் கடன் தவணைக்கு எடுக்கும் தொகையிலும் அது விழுந்தது. ஆசிய நிதி நெருக்கடியின்போது 1999 தொடக்கத்தில் அதே பங்கை 20-லிருந்து 10-க்கு மறுபடி வெட்டினார்கள். நிலைமை தேறியதும் படிப்படியாக உயர்த்தினார்கள். தொழிலாளர் இதை ஏற்றதற்கு, வீட்டு வசதி வாரியம் பெரும்பாலோருக்குச் சொந்த வீடு தந்திருந்ததும், அரசு, முதலாளி, சங்கம் மூன்றும் உட்காரும் தேசியக் கூலி மன்றம் 1972 முதல் இயங்கியதும் காரணம். 1968-ன் தொழிற்சட்டங்களுக்குப் பிறகு வேலைநிறுத்தம் ஏறக்குறைய மறைந்துபோயிருந்ததும் காரணமே. அதை மறைத்துப் புகழ்வது நேர்மையாகாது.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கடையிலிருந்து மேலாள் அனுப்பும் ஐந்தொகையை (வரவு செலவுக் கணக்குச் சுருக்கத்தை) ஊரில் முதலாளி ஓர் எழுத்தும் விடாமல் பார்ப்பார். பற்று மிஞ்சியிருந்தால் அடுத்த தவணைக்கு ஆளையோ வழியையோ மாற்றுவார். சிறிய நாட்டின் அந்நியச் செலாவணிக் கணக்கும் அப்படித்தான்; ஓட்டை விரைவில் தெரிந்துவிடும். இலங்கையில் தெரியாமல் போகவில்லை, தெரிந்தும் திருத்துவோர் தண்டிக்கப்பட்டார்கள். கொரியப் போர்க் காலத்து ரப்பர் விலை ஏற்றம் வடிந்ததும் 1953-ல் டட்லி சேனநாயக்க அரசு, பங்கீட்டு அரிசியை அளவுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 12 அன்று ஹர்த்தால் வெடித்தது, உயிர்கள் போயின, சில வாரங்களில் பிரதமர் பதவி விலகினார். அதன் பின் வந்த அரசுகள் எல்லாம் அந்த நாளை மறக்கவில்லை. அரிசி மானியத்தையும் இலவசக் கல்வியையும் மருத்துவத்தையும் நான் குறை சொல்லவில்லை. அந்த நாட்டின் படிப்பறிவும் ஆயுளும் அவற்றின் பயன். குறை, அவற்றுக்குப் பணம் தர வேண்டிய ஏற்றுமதி தேயிலை, ரப்பர், தென்னை என்ற மூன்றிலேயே நெடுங்காலம் நின்றுவிட்டதில் இருக்கிறது.

அண்மைக் காலத்துத் தவறு அதைவிட நுட்பமானது. 2000-ல் இலங்கையின் சரக்கு, சேவை ஏற்றுமதி நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 39 விழுக்காடு. பத்தே ஆண்டுகளில் அது 20-ஐ ஒட்டி வந்துவிட்டது. போர் ஒரு காரணம். மற்றொன்று, சுங்க வரிக்கு மேல் செஸ் என்றும் துறைமுக, விமான நிலைய வரி என்றும் அடுக்கடுக்காகப் போட்ட துணை வரிகள். உங்கள் சரக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இறக்குமதி டைல்ஸ் மீது இப்படிப் பல வரிகளை ஏற்றி உள்நாட்டுத் தயாரிப்பாளர்களுக்குப் பாதுகாப்புத் தந்தார்கள். 2020-ல் டாலர் தட்டுப்பாட்டால் டைல்ஸ் இறக்குமதியையே நிறுத்தினார்கள். பாதுகாப்புப் பெற்றவர் உள்ளூரிலேயே நல்ல விலைக்கு விற்க முடியும்போது வெளிநாட்டில் மல்லுக்கட்ட மாட்டார். கடற்கரை ஊரான பென்தோட்டையில் விடுதி கட்டுகிறவர் தரைக்குக் கூடுதல் விலை கொடுப்பார். அந்தச் செலவு அறை வாடகையில் ஏறும். டாலர் கொண்டுவரும் சுற்றுலாவின் போட்டித்திறன் அங்கே அரிக்கப்படும். இறக்குமதி வரி கடைசியில் ஏற்றுமதியின் மேல் விழும் வரியாகிறது என்று பாடம் நடத்தும்போது மாணவர் நம்ப மறுப்பார்கள். இந்த ஒரு உதாரணம் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. கடிந்த ஆட்சி இருந்ததால்தான் சிங்கப்பூர் முன்னேறியது என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. ஆனால் அது தவறென நிறுவவும் முடியாது. எதிர்ச்சான்றாக மொரிஷியஸ் இருக்கிறது. 1961-ல் பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் அந்தத் தீவின் எதிர்காலம் இருண்டது என்றே கணித்தார்: ஒரே பயிர் கரும்பு, பெருகும் மக்கள், பல இனங்கள். 1968-ல் விடுதலை பெற்று, தேர்தலும் கூட்டணி அரசும் தொழிற்சங்கமும் எல்லாம் இருந்தும், 1970-ல் ஏற்றுமதித் தொழில் வலயச் சட்டம் போட்டு, ஐரோப்பா உறுதி செய்த சர்க்கரை விலையில் கிடைத்த பணத்தைத் தொழிலிலும் சுற்றுலாவிலும் முதலிட்டு அது நடுத்தர வருமானத்தைத் தாண்டியது. (அதன் ரூபாய் நோட்டில் இன்றும் தமிழ் எழுத்து இருப்பது நம்மவர் பலருக்குத் தெரியாது.) ஆனால் சர்க்கரை ஒப்பந்தம் என்ற அதிர்ஷ்டம் இல்லாமல் அது முடிந்திருக்குமா என்று கேட்டால் அங்கும் விவாதம் உண்டு. சிங்கப்பூரின் இருப்பிடத்துக்கு எவ்வளவு மதிப்பெண், கொள்கைக்கு எவ்வளவு என்று பிரிக்கவும் வழியில்லை. மலாக்கா நீரிணையின் வாயைக் கொள்கையால் உருவாக்க முடியாது. இலங்கையின் வீழ்ச்சியில் 1983 முதல் 2009 வரை நடந்த போரின் பங்கைத் தனியே எடைபோடுவதும் அதே அளவு கடினம்.

சிங்கப்பூரின் வளர்ச்சியே உழைப்பையும் முதலையும் மேன்மேலும் கொட்டியதால் வந்தது, திறமை கூடியதால் அன்று என்று 1990-களில் பொருளியலாளர் ஆல்வின் யங் வாதிட்டார். மற்றொரு பொருளியலாளர் பால் க்ருக்மன் அதைப் பரப்பினார். இன்றளவும் கருத்து வேறுபாடு தீரவில்லை. கட்டுமானத்துறையைப் பார்த்தால் யங் சொன்னதில் பொருளிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நம் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர்கள் வொர்க் பர்மிட்டில் போய் உழைக்கும் இடம் அது. ஒவ்வொருவருக்கும் முதலாளி அரசுக்கு மாதந்தோறும் லெவி என்ற கட்டணம் கட்ட வேண்டும். ஆள் எடுப்பதைவிட எந்திரம் வாங்குவது லாபம் என்று முதலாளி நினைக்கட்டும் என்பதே அதன் நோக்கம். பல பத்தாண்டுகள் லெவியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தும் அந்தத் துறை ஆள்பலத்தையே நம்பியிருக்கிறது. ஆண்டுதோறும் வரும் போட்டித்திறன் தரவரிசைகளில் சிங்கப்பூர் முன்னணியில் இருப்பதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை; அவற்றில் கணிசமான பகுதி நிறுவனத் தலைவர்களிடம் கேட்ட கருத்துகளின் கூட்டல்.

உங்கள் தொழிலுக்கு வருகிறேன். கண்ணாடித் தகட்டின் மேல் உலோகச் சட்டத்தை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் நிரப்பி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு ஒவ்வொரு கல்லாக எடுக்கும் நீங்கள், குஜராத்தின் மோர்பியில் எந்திரத்தில் வந்து விழும் டைல்ஸோடு விலையில் மோத முடியாது, மோதவும் வேண்டாம். உங்களிடம் வாங்குகிறவர் அந்தத் தரைக்காகவே வருகிறார். 2004 இறுதியில் ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் ஆடை அனுப்பலாம் என்ற உலக ஆடை ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தபோது இலங்கையின் ஆடைத் தொழில் அழிந்துவிடும் என்று பலர் எண்ணினார்கள். பங்களாதேஷின் கூலியோடு மோதாமல், கடினமான உள்ளாடை, விளையாட்டு உடை என்று தரத்தில் ஏறிய நிறுவனங்கள் தாக்குப்பிடித்தன.

கொழும்புக்கு அனுப்பலாமா என்பதற்கு நேரடிப் பதில்: சந்தை இருக்கிறது, விடுதிகள் கட்டப்படுகின்றன, ஆனால் ரூபாய் மாற்று விகிதத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 2023 மார்ச்சில் தொடங்கிய பன்னாட்டு நிதியத் திட்டம் அரசு வருவாயை நாட்டு உற்பத்தியில் 15 விழுக்காட்டுக்குக் கொண்டுவரச் சொன்னது. வருமான வரியாலும் மதிப்புக் கூட்டு வரியாலும் அந்த அளவு நிலைத்தால் துணை வரிகளைக் கைவிட அரசுக்குத் துணிவு வரும். நிலைக்காவிட்டால் சுங்கச் சாவடிதான் மறுபடியும் எளிதில் கைவைக்கும் இடம். மறுசீரமைக்கப்பட்ட வெளிக்கடனில் பெரிய தவணைகள் 2028-ல் தொடங்குகின்றன. அப்போது டாலர் தட்டினால் 2020-ஐப் போல இறக்குமதித் தடை திரும்பி வரலாம். ஆகவே கொழும்பில் சரக்கை விடுவிக்கும் ஏஜென்டிடம் உங்கள் சரக்கின் சுங்கக் குறியீட்டைச் சொல்லி, இன்றைய தேதியில் எல்லா வரியும் சேர்த்து ஒரு சதுர அடிக்கு என்ன விழுகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். முதல் சரக்குக்குக் கடன் கொடுக்காமல் வங்கி வழியாக எல்.சி. (வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடிதம்) திறக்கச் சொல்லுங்கள்.